காலைத் தட்டில் அரிசிக்கும் இடம் கொடுங்கள்

திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

காலை உணவுத் திட்டத்தைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. விடியுமுன் அப்பா படகேறிவிட, அம்மா மீன் கூடையோடு கிளம்பிவிடும் பழவேற்காட்டுக் குப்பங்களில், பள்ளியில் சூடாக ஒரு வேளை கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கு அத்திட்டம் விரிந்ததும் 2024 ஜூலை 15 அன்று நம் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். ஆனால் அந்தத் தட்டில் இருப்பது உடம்புக்கு ஆகாத பிள்ளை ஒன்று இருந்தால் அதை யார் கண்டுபிடிப்பார்கள்? எனக்குள்ள கேள்வி அது ஒன்றுதான்.

2022இல் திட்டம் தொடங்கியபோது வெளியான பட்டியலைப் பாருங்கள். ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, ரவை கிச்சடி, சேமியா கிச்சடி, வெள்ளிக்கிழமையானால் கேசரி. அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் பட்டியலில் உண்டு, 'அல்லது' போட்டு. முதலில் சொன்னவற்றில் பெயர்தான் பல, தானியம் கோதுமை ஒன்றே. அங்கன்வாடிச் சத்துமாவிலும் அது இருக்கிறது. சோறும் மடவைக் குழம்புமாக வளர்ந்த ஊரில், பிள்ளைகளின் நாள் இப்போது கோதுமையோடு விடிகிறது.

சீலியாக் நோயுள்ள பிள்ளைக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாது. அது உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு என்ன ஊட்டினாலும் ஒட்டாது. வயிறு உப்பும், பேதியாகும், வளர்த்தி நின்றுபோகும், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் சோகை மாறாது. ஊரில் இதற்கு 'வயித்துல பூச்சி' என்பார்கள். பூச்சி மாத்திரை கொடுப்பார்கள், தேறாவிட்டால் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். பார்ப்பதற்குச் சாதாரண ஊட்டக்குறைவு போலவே இருப்பதால் மருத்துவர்களுக்கும் இது சட்டென்று தோன்றுவதில்லை.

இது வடநாட்டு நோய் என்று தங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். சொல்ல ஆதாரமும் இருக்கிறது. 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, 23,000க்கும் மேற்பட்ட இந்தியப் பெரியவர்களைச் சோதித்தது. வடக்கே ஆயிரத்தில் எட்டுப் பேருக்கு மேல் சீலியாக். தெற்கே பத்தாயிரத்தில் ஒருவர் அளவே. ஆனால் இந்நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கே 38 சதவீதம் பேரிடம் என்றால் தெற்கேயும் 36 சதவீதம் பேரிடம் இருந்தது. நாளொன்றுக்கு உண்ட கோதுமையோ அங்கே 455 கிராம், இங்கே 25. மரபணு உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை, மிகச் சிலருக்கே வரும். என்றாலும், நம்மை இதுவரை காத்தது சோற்றுப்பானைதான் என்றே அந்த எண்களைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது. கோதுமையைக் கொண்டுவந்து கொடுக்கிற அரசு, அது யாருக்கு ஆகவில்லை என்றும் பார்க்க வேண்டாமா?

பார்க்க ஆட்களும் இருக்கிறார்கள். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் 2013 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளைச் சோதிக்கின்றன. அவர்கள் பட்டியலில் உள்ள சுமார் 30 குறைபாடுகளில் சோகையும் கடும் ஊட்டக்குறைவும் உண்டு, சீலியாக் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. மாத்திரையும் சத்துமாவும் கொடுத்தும் எடை ஏறாத பிள்ளைக்கும், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கும் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதையும் செவிலியர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நோய் உறுதியானால் அதற்கென்று தனி மாத்திரையோ ஊசியோ வேண்டாம். ஆயுளுக்கும் கோதுமை, பார்லி தவிர்த்த உணவு, அவ்வளவே. அரிசி, கேழ்வரகு, கம்பு, மீன், முட்டை எதற்கும் தடையில்லை. டெல்லியில் ஒரு தாய் இதற்காக வீட்டுச் சமையலையே மாற்ற வேண்டியிருக்கும். இங்கே பாட்டி சமையலே போதும். பள்ளிச் சமையற்கூடத்தில்தான் கவனம் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அரிசி உப்புமாவோ பொங்கலோ தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு. சாம்பாரும் சந்தேகத்துக்குரியதே, கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கலாம்.

இன்னொன்று. ரத்தம் எடுப்பது பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கட்டும், மாதிரி மட்டும் சென்னைக்குப் போகட்டும். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று முறை வைத்துத்தான் வலை போடுகிறார்கள். தன் முறை வரும் நாளில் பிள்ளையோடு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய வரும்படி போய்விடும். அதனாலேயே பலர் போகமாட்டார்கள்.

இப்படிக்கு,
பழவேற்காட்டிலிருந்து ஒருவர்