குகை வாசலில் நின்ற குதிரை

கொம்பனித்தெருவில், சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலின் மணியோசை காதில் விழும் தூரத்திலுள்ள ஒரு மாடி வீட்டில், சனிக்கிழமை தோறும் மாலை வேளையில் என் பெறாமகனும் அவனுடைய சிநேகிதர் நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவன் கதை சொல்ல மற்றவர்கள் அக்கதையின் பாத்திரங்களாகப் பேசியும் போரிட்டும் இருபது முகப் பகடையை உருட்டியும் இரவு ஒன்பது மணிவரை விளையாடுவதை, அதன் ஆதியும் அந்தமும் முற்றாக விளங்காதவனாயினும், சில மாதங்களாக நான் ஒரு மூலையிலிருந்து பார்த்து வருகிறேன். சென்ற வாரம் என் பெறாமகன் ஏற்றிருந்த வீரன், பகைவர் பின்தொடர, ஒரு பாலத்தை நோக்கி வேர்த்து விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தான். அவன் முன்னொரு நாள் நானூறு பொன் எண்ணிக் கொடுத்துப் போர்க்குதிரையொன்று வாங்கியது எனக்கு நினைவிருந்தபடியால், "குதிரை எங்கை, தம்பி?" என்று கேட்டேன்.

மேசை மௌனமாயிற்று.

"அது குகை வாசலிலை கட்டினபடி நிக்குது, பெரியப்பா."

"எப்ப கட்டினது?"

"போன மாசம்."

"அதுக்குத் தண்ணி வைச்சது ஆர்?"

இது அவனொருவனுடைய மறதியன்று. அந்த விளையாட்டோடு கூடப் பிறந்த குறை. 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் யுத்த விளையாட்டிலிருந்து கிளைத்தது. அந்தப் பழைய ஆட்டத்தில் குதிரைப்படைக்கு ராஜமரியாதை இருந்திருக்க, பிள்ளையோ பெயரிலேயே நிலவறையைச் சுமந்து பிறந்தது. நிலவறைக்குள் குதிரை இறங்காது. ஆகையால் வாசலில் கட்டுண்டு மறக்கப்படுவதே அதன் தலைவிதியாயிற்று.

விதிநூல் எழுதியவர்கள் குதிரையை மறந்துவிட்டார்கள் என்று சொல்வது அபாண்டமாகும். 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் சவாரி என்பது தனியொரு வித்தையாகவே, உடலின் லாகவத்தைச் சார்ந்ததாக வகுக்கப்பட்டிருந்தது. கைகள் இரண்டும் ஆயுதம் ஏந்தியிருக்க முழங்காலாலேயே குதிரையைச் செலுத்துவதற்குப் பகடையும் பயிற்சியும் சேர்ந்து ஐந்து வந்தால் போதும். தடையொன்றைத் தாண்டுவதற்குப் பதினைந்து வேண்டும். போர்ப்பயிற்சி பெறாத குதிரையைப் போர்க்களத்தில் அடக்கி நிறுத்துவதற்கோ இருபது. இந்த இருபதில்தான் எனக்குப் பெருமதிப்பு, குதிரைக்கும் பயம் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட எண் அது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலோ சவாரி வித்தை இல்லாமல், விலங்கைக் கையாளுதல் மட்டும் எஞ்சி, அதுவும் விவேகத்தின் கீழ் வைக்கப்பட்டது. வித்தை போனது நட்டம். எஞ்சியது விவேகத்தின் கீழ் வந்தது, என் எண்ணத்தில், நியாயமே.

அதே பதிப்பின் விலைப்பட்டியலில் ஒரு விநோதம் கண்டேன். போர்க்குதிரைக்கு நானூறு பொன், யானைக்கு இருநூறு. மேல்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருக்கக்கூடும். வன்னிக் காட்டு யானைகளை ஆனையிறவு வழியாக நடத்தி யாழ்ப்பாணத்தில் இந்திய வியாபாரிகளுக்கு விற்ற ஒல்லாந்தர் காலத்தை அறிந்த நமக்கு வியப்பில்லை. யானை நம்மிடமே இருந்தது. குதிரைதான் கடல் தாண்டி வரவேண்டியிருந்தது. பாண்டியர் வாங்கிய அரபுக் குதிரையொன்றுக்கு இருநூற்றிருபது பொன் தினார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் அத்தொகை கொடுக்கப்பட்டது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். வந்திறங்கிய குதிரைகளும் பராமரிப்பு அறியாமையால் மாண்டன என்றும், மறுபடியும் மறுபடியும் விற்பதற்காகவே வர்த்தகர்கள் குதிரை வைத்தியரைக் கூட்டி வராமல் தடுத்தனர் என்றும் மார்க்கோ போலோ சொல்கிறார். அநுராதபுரத்தில் மன்னன் எல்லாளனுக்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள் அரசாண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் குதிரை கொண்டுவந்து விற்ற ஒரு வணிகனின் புதல்வர்கள் என்பது மகாவம்சத்தின் கூற்று.

சவாரியின் நுட்பத்தை அறிய வேண்டுமானால் அந்த மகாவம்சத்தையே புரட்டலாம். எவரையும் முதுகில் ஏறவிடாத சிந்து தேசத்துக் குதிரையொன்றின்மேல் வேலுசுமணன் என்னும் வீரன் ஏறி, வட்டமாக அதை விரட்டிய வேகத்தில், வட்டம் முழுவதும் ஒரே குதிரையாகத் தோன்றியதாம். அந்நிலையிலும் அவன் மேலாடையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினானாம். இது லாகவம். ஆனால் விஜிதநகரக் கோட்டை வாயிலில், உருகிய கீல் முதுகில் கொட்டப்பட்டு வேதனை தாளாமல் நீருக்குள் பாய்ந்த கண்டுல யானைக்கு வைத்தியன் மருந்திட்ட பிறகு, மன்னன் துட்டகைமுனு அதன் கன்னப்பொறியைத் தடவி, இலங்கைத் தீவின் ஆட்சியையே உனக்குத் தந்தேன் என்று தேற்றி, நல்ல தீனியூட்டி, எருமைத்தோலை ஏழு மடிப்பாகப் போர்த்தி மறுபடி அனுப்பினான் என்று வருகிறதே, அது வேறு வித்தை. பின்னர் எல்லாளனை எதிர்த்து நின்றபோது, அவனுடைய மகாபர்வதம் என்னும் யானையைக் கொம்பால் குத்தியது அந்தக் கண்டுலயே. எல்லாளனை நினைத்து நாம் வருந்தலாம். யானையைப் பேணிய முறையில் குற்றம் காண முடியாது.

இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள், ஆட்டத்தை நடத்தும் பையன், "இருங்கோ அங்கிள், குதிரைக்கு என்ன நடந்தது எண்டு பாப்பம்" என்று பகடையை உருட்டினான். பதினேழு. குதிரை கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, தன்னை விற்ற ஊரின் லாயத்துக்கே தானாகத் திரும்பிவிட்டது என்றும், கதைக் கணக்கில் கழிந்த ஒன்பது நாட்களுக்குக் கொள்ளுக்கும் புல்லுக்கும் லாயக்காரன் பணம் கேட்கிறான் என்றும் தீர்ப்பாயிற்று. பகைவர் பாலத்தருகே வாளோடு காத்து நிற்க, என் பெறாமகன் பணப்பையைத் திறந்து, ஒன்பது நாளில் ஒரு குதிரை எத்தனை கொத்துக் கொள்ளுத் தின்னும் என்று என்னிடம் கேட்டான்.