விருந்தினராய்ச் செல்வோம்



"கோயில்களைப் பார்க்கச் சுற்றுலா எதற்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்டனர். மதுரைக்குச் சென்று வந்த பின் என் கருத்தைக் கூறுகிறேன்.

மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளவை 985 தூண்களே. அவற்றை எண்ணிப் பார்க்கத் துடித்த நாம், நம் தோழி ஒருத்தியின் மனத்தை எண்ணிப் பார்க்கவில்லை. கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் மட்டுமே செல்லலாம் என்பதால் நாம் நின்றுகொண்டோம். அவள் சந்நிதிக்குச் சென்று, நெற்றியில் குங்குமத்துடன் திரும்பினாள். நம்மில் சிலர் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவள் முகம் வாடியது.

ஆறாம் வகுப்பிலிருந்து நம் சிற்றாலயத்தில் திருப்பலியின்போது கைகூப்பி அமைதியாய் நிற்பவள் அவள். ஒருநாளும் நம்மைப் பார்த்துச் சிரித்ததில்லை.

பிற சமயங்களில் உள்ள உண்மையானதையும் தூயதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. மறைக்கல்வித் தேர்வில் இதை எழுதி மதிப்பெண் பெற்றோம். கோயில் வாசலில் மறந்தோம்.

மாலையில் கடைவீதிக்குச் சென்றோம். "மீனாட்சிக்கா, மாதாவுக்கா கண்ணு?" என்று கேட்ட பூக்காரப் பாட்டி, எங்கள் இருவருக்கும் ஒரே கையால்தான் மல்லிகையை முழம் போட்டார். என் பூவை நம் கெபியில் வைத்தேன்.

ஆகவே இச்சுற்றுலா ஆண்டுதோறும் வேண்டும். ஆனால் வேடிக்கை பார்ப்பவராய் அன்று, ஒருவர் வீட்டுக்குப் போகும் விருந்தினராய்ச் செல்வோம். புறப்படுமுன் நம் இந்துத் தோழியரே கோயில் முறைகளை நமக்குச் சொல்லித் தரட்டும்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீங்கள்?