கடல்தண்ணியை அளக்க கப்பல் ஏறணுமா?

போர்ட் பிளேர் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) மரைன் ஹில் பக்கம் உறவுக்காரங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும், அங்கே பிழைப்பே கடலும் படகும்தான். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க படகின் அடியில் பூசும் பெயின்ட்களில் பெரும்பாலும் செம்பு இருக்கும். அது தண்ணியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால்தான் பெயின்ட் வேலை செய்யும். அதே தண்ணியில்தான் மீனும் இருக்கு.

எவ்வளவு கரைகிறது என்று பார்க்க சாம்பிளைச் சென்னைக்கு அனுப்பணுமா? கப்பலில் சுமார் மூன்று நாள்! தேவையில்லை என்பது என் கட்சி.

ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரி என்று ஒரு மின்வேதியியல் முறை இருக்கு. மின்முனையில் உலோகத்தைச் சில நிமிடம் படியவிட்டு, பிறகு மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால், ஒவ்வொரு உலோகமும் அதனதன் அழுத்தத்தில் கழன்று வரும். அப்போது ஓடும் மின்னோட்டம்தான் கணக்கு. உண்டியலில் சில்லறை சேர்த்து, கொட்டி எண்ணுகிற மாதிரி. லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழேயும் எட்டும். (குடிநீரில் ஈயத்துக்கு இந்திய வரம்பு 10.) பெரிய மெஷின்களுக்குத் தொல்லை தரும் கடல் உப்பு, இங்கே மின்சாரம் கடத்த உதவும். கருவியும் ஒரு பெட்டிக்குள் அடங்கும்.

ஹெய்ரோவ்ஸ்கி 1922-ல் பாதரசத் துளியை வைத்துத் தொடங்கிய வழி இது. கொடைக்கானலைப் பார்த்த நமக்குப் பாதரசம் என்றாலே பயம்தான். ஆனால் 2000-லேயே பிஸ்மத் படலம் மாற்றாக வந்துவிட்டது.

பட்டனைத் தட்டினால் போதும் என்று சொல்லவில்லை. கடல்நீரில் கரிமப் பொருளோடு ஒட்டிக்கொண்ட செம்பு எளிதில் சிக்காது. மொத்தத்தையும் அளக்க அமிலம், புற ஊதாக் கதிர் என்று பக்குவம் வேணும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேணும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் நம்ம காரைக்குடியில் இருக்கே!

அளக்கிற ஆள் தீவிலேயே இருந்தால்தான், அடுத்த கேள்வியும் அங்கேயே பிறக்கும். என்ன சொல்றீங்க?