தானம் கொடுத்த மாடு

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பது பழமொழி. கொடுத்தவன் மனம் நோகக் கூடாது என்ற நாகரிகத்துக்காக யாரோ சொல்லி வைத்தது. இதை ஓப்பன் ஸோர்ஸ் உலகத்துக்கும் கொண்டு வந்து நியாயம் பேசுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்குத் தெரிந்த எஞ்சினீயர் ஒருவர், ஒரு முகவரிக்கு வரும் மின்னஞ்சலை வேறொரு முகவரிக்குத் திருப்பி விடும் மென்பொருளுக்கு ஸ்டோரேஜ் டிரைவர் எழுதிக் கொடுத்தார். யாருக்கு வந்த கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியலை டேட்டாபேஸில் தேடிச் சொல்லும் சின்னப் பகுதி அது. பராமரிப்பவர்கள், "டேட்டாபேஸ் படுத்துவிட்டால் இது என்ன பதில் சொல்லும்? சோதித்தீர்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். "சும்மா கொடுத்ததற்கு இத்தனை அதிகாரமா?" என்று அவருக்குக் கோபம். பரிந்து பேச நாலு பேர் வேறு.

கேள்வியில் என்ன தப்பு, ஐயா? தபாலாபீஸ் அலமாரி பூட்டிக் கிடக்கிறது. முகவரிப் பேரேட்டைப் பார்க்க வழியில்லை. அதற்காக, 'இப்படி ஒருவர் இல்லை' என்று எழுதிக் கடிதத்தைத் திருப்பி விடலாமா?

வீட்ஸே வெனிமா ஐ.பி.எம்.மில் இருந்தபோது எழுதி 1998-ல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸைப் பாருங்கள். மை-எஸ்க்யூ-எல், போஸ்ட்கிரஸ், எல்டாப் என்று எதில் பட்டியல் இருந்தாலும், 'பெயர் இல்லை' என்பதும் 'இப்போது பார்க்க முடியவில்லை' என்பதும் அதில் வேறு வேறு பதில்கள். முன்னது 5-ல் தொடங்கும் எண்; கடிதம் அத்தோடு திரும்பிவிடும். பின்னது 4-ல் தொடங்கும் எண். அனுப்பிய ஸர்வர் கடிதத்தை வைத்துக்கொண்டு மறுபடி முயலும். குறைந்தது நாலைந்து நாளாவது முயலவேண்டும் என்கிறது 2008-ல் வந்த அஞ்சல் விதிமுறை. டிரைவர் பதிலை மாற்றிச் சொன்னால் அந்த அவகாசம் முழுதும் பாழ்.

'உத்தரவாதம் இல்லை' என்று லைஸென்ஸில் எழுதியிருக்கிறதே என்பார்கள். கோர்ட்டுக்கு அது போதும். ஆனால் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற பெண் அந்த லைஸென்ஸைப் படித்தாளா? அவளுக்கு வந்த உத்தரவு திரும்பிப் போனதே அவளுக்குத் தெரியாது.

பராமரிப்பவர்களும் பலர் கூலியில்லாமல் உழைப்பவர்கள்தாம். கொடுத்தவர் போன பிறகும் அந்த மாட்டுக்கு வருஷக்கணக்கில் தீனி போடப் போகிறவர்கள் அவர்கள். மரியாதையாகக் கேட்கட்டும், ஆனால் கேட்கட்டும். மாடு ஒருவர் கொட்டிலில் நிற்கிறது, பாலை ஊரார் குழந்தைகள் குடிக்கிறார்கள் என்றால், பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கட்டுகிறவரைத்தான் நான் குற்றவாளி என்பேன்.