பிள்ளை ஒன்று, வாசல்கள் பல

'தொழில்வழிச் சிகிச்சை' என்றதும், வேலைக்குச் செல்லும் பெரியவர்களுக்குரிய மருத்துவம் என்றே பலர் எண்ணுகின்றனர். குழந்தைக்குத் தொழில் ஏது? சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு செல்வதும், சட்டைப் பொத்தானைப் பூட்டுவதும், பென்சிலைப் பற்றுவதும், விளையாடுவதுமே அதன் தொழில்கள். மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உடைய பிள்ளைக்கு இவற்றைப் பழக்கித் தருவதே இச்சிகிச்சை.

சேவைகளே இல்லையெனக் கூறுவதற்கில்லை. 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டம் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குறைபாடுகளைக் கண்டறிந்து மாவட்ட மையத்திற்கு அனுப்புகிறது. கல்வித்துறைக்கு வட்டார வள மையம் உண்டு. அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உண்டு. ஆயினும் ஒரு வாசலில் சொல்லப்பட்டது மறு வாசலுக்கு எட்டுவதில்லை. யாவற்றையும் இணைப்பவர் கோப்பைச் சுமந்தலையும் தாயே, ஊதியமில்லா ஒருங்கிணைப்பாளர்!

கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட காட்டுப்பள்ளியை எண்ணிப் பாருங்கள். 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. ஆனால் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமாயின், மீஞ்சூர் வரை ஒரு பயணம், பின்னர்ப் புறநகர் ரயில். நடக்கவியலாப் பிள்ளையை இடுப்பில் சுமந்து சென்று திரும்பினால் அன்றைய கூலி போயிற்று. தந்தை கடலிலோ இரவுப் பணியிலோ இருப்பார். மூன்று முறை சென்றவள் நான்காம் முறை நின்றுவிடுவது அலட்சியமன்று, வீட்டுக் கணக்கு.

1981இல் எஸ். இராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் நிறுவிய அமர் சேவா சங்கம் வேறொரு வழியைக் காட்டியுள்ளது. அங்குப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டிற்கே செல்கிறார்; வல்லுநர்கள் அவருக்கு வழிகாட்டுகின்றனர்; குடும்பத்தாரும் பயிற்சி முறையைக் கற்கின்றனர். தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டமும், பல சேவைகளை ஒரே கூரையின்கீழ்க் கொணரும் 'விழுதுகள்' மையங்களைத் தொடங்கியுள்ளது. வரவேற்கத்தக்கதே. எனினும் கூரை மட்டும் போதாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே திட்டம், அதற்குப் பொறுப்பேற்கும் ஒரே பணியாளர் என்னும் ஏற்பாடு வேண்டும்.

இதற்குப் பணம் எங்கே? 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம், பெருநிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலி வழங்கி நிழற்படம் எடுத்துக்கொள்வது எளிது. (வளரும் பிள்ளைக்கு அது விரைவிலேயே சிறிதாகிவிடும் என்பதை மேடையில் எவரும் நினைப்பதில்லை.) அதனினும், மீஞ்சூர் வட்டாரத்திற்கென ஒரு சிகிச்சையாளரின் ஐந்தாண்டு ஊதியத்தை ஏற்பது மேல். ஜமாஅத்துகளும் வாரம் இருநாள் ஓர் அறையை எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கலாம். பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்தது இரக்கம் மட்டுமன்று, பாங்கு சொல்லும் பணியும்கூட.

நம் துறைக்கும் இதில் ஒரு வேலை உண்டு. வீட்டுப் பயிற்சிக் குறிப்புகள் பல வேளைகளில் ஆங்கிலத்திலேயே எழுதித் தரப்படுகின்றன. அவற்றை ஒரு மீனவத் தாய் வாசித்துச் செய்யத்தக்க எளிய தமிழில் ஆக்கித் தரும் பொறுப்பை நம் மாணவர்கள் இவ்வாண்டே மேற்கொள்ளலாம்.