செயின்ட் ஹெலினாவின் நியாயம்

நெப்போலியன் 1821-இல் இறந்த தீவு என்பதோடு செயின்ட் ஹெலினாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கி.மீ. தள்ளி, தென் அட்லாண்டிக்கில் உள்ள, பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட அந்த 122 சதுர கி.மீ. எரிமலைத் தீவில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களுடைய விதியை லண்டன்தான் எழுதி வந்திருக்கிறது.

அங்கே இருந்த ஒரே பெரிய தொழில் நார் உற்பத்தி. அந்த நாரில் திரித்த கயிற்றை வாங்கிவந்த பிரிட்டிஷ் அஞ்சல் துறை செயற்கைக் கயிற்றுக்கு மாறியது. 1966-இல் ஆலைகள் மூடப்பட்டன. ஓர் அலுவலகத்தின் கொள்முதல் முடிவு ஒரு தீவின் பிழைப்பையே பறித்தது. பிரிட்டனின் 1981 குடியுரிமைச் சட்டம் தீவினரை இரண்டாந்தரக் குடிமக்களாக்கியது. முழுக் குடியுரிமை 2002-இல்தான் திரும்பியது. பிறகு 28.5 கோடி பவுண்டு செலவில் விமான நிலையம் வந்தது. ஓடுபாதையில் வீசும் திசைமாறும் காற்றால் பயணிகள் விமானச் சேவை 2017 அக்டோபர் வரை தள்ளிப்போனது.

2021-இல் முதலமைச்சரும் அமைச்சர்களும் கொண்ட ஆட்சிமுறை அமைந்தது, வரவேற்கிறோம். ஆனால், ஆளுநரை நியமிப்பது இன்றும் லண்டன்தான். வரவு செலவின் பெரும்பகுதி பிரிட்டனின் மானியம். இளைஞர்கள் வேலை தேடி ஃபாக்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள். பல ஆண்டுகளுக்கான மானியத்தை பிரிட்டன் முன்கூட்டியே உறுதி செய்து, அதைச் செலவிடும் அதிகாரத்தை தீவின் தலைநகர் ஜேம்ஸ்டவுனில் உள்ள சட்டமன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும்.