மலைநாட்டுக் கருவாடும் இத்தாலியரின் சோளக் களியும்

 

“கருவாடு ஏழைச் சாப்பாடு” என்று முகம் சுளிக்கும் பழக்கம் நம் வீடுகளில் வளர்ந்து வருகிறது. விருந்தாளி வருகிறார் என்றால் அடுப்பிலுள்ள கருவாட்டுச் சட்டியை மறைத்துவிட்டு, கோழி வாங்கக் கடைக்கு ஆளனுப்புகிறோம். கையில் காசில்லாவிட்டால் கடனுக்கு வாங்குகிறோம். உணவில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இந்த மாதம் அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

தெல்தோட்டையிலிருந்து கடல் வெகுதூரம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் நமக்கு அண்டை. அந்த மலைகளில் உழைத்த மக்களுக்கும், அவர்களை நம்பிக் கடை வைத்த நம் முன்னோருக்கும் கடல் மீன் என்றால் பெரும்பாலும் கருவாடும் மாசியும்தான். உப்பும் வெயிலும் சேர்ந்துதான் கடலை மலைக்குக் கொண்டு வந்தன.

இதே கதை இத்தாலியிலும் உண்டு. வட இத்தாலியில் விசென்சா என்றொரு நகரம். அதுவும் கடற்கரை ஊரல்ல. ஆனால் அவ்வூரின் பெருமைக்குரிய உணவு, நோர்வே நாட்டிலிருந்து வரும் கோட் என்ற மீனின் கருவாடு! அதற்குத் துணையாக வைப்பது ‘பொலெந்தா’ எனப்படும் சோள மாக் களி. வெனிஸ் நகரத்துக் கப்பல் தலைவர் பியெத்ரோ குவெரினி புயலில் சிக்கி, 1432இல் நோர்வேயின் ரோஸ்ட் தீவுப் பக்கம் ஒதுங்கினார். அங்குள்ள மீனவர்கள், மொழி தெரியாத அந்த அந்நியரைத் தம் வீடுகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். காற்றில் காய வைத்த மீனை அவர் அங்கேதான் கண்டார். அதைத் தம் நாட்டாருக்கு அறிமுகம் செய்தவர் அவரே என்று விசென்சா மக்கள் சொல்வார்கள். உப்பிட்ட கோட் மீனுக்கு இத்தாலியில் ‘பக்கலா’ என்று பெயர். விசென்சாவிலோ உப்பிடாமல் குளிர்காற்றில் காய்ந்த மீனையே அப்பெயரால் அழைக்கிறார்கள்.

சோளனுக்கு இத்தாலியர் வைத்த பெயர் இன்னும் வேடிக்கையானது. ‘துருக்கித் தானியம்’ என்பது அதன் பொருள். உண்மையில் அது அமெரிக்காவிலிருந்து வந்தது. தூரத்திலிருந்து வந்ததற்கெல்லாம் துருக்கியின் பெயரைச் சூட்டுவது அக்கால ஐரோப்பிய வழக்கம்.

கருவாட்டை இழிவாக எண்ணுவோர் நம் வரலாற்றையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அபூ உபைதா (ரழி) அவர்களின் தலைமையில் முந்நூறு தோழர்கள் கடற்கரைப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். உணவு குறைந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பேரீச்சம் பழம் என்றாகி, பின்னர் இலைகளை உதிர்த்துத் தின்னும் நிலை வந்தது. அப்போது கடல் ஒரு மாபெரும் மீனைக் கரையில் ஒதுக்கியது. பல நாள் அதை உண்டு பலம் பெற்றார்கள். மீதியை உலர்த்தி மதீனாவுக்கும் கொண்டு வந்தார்கள். அது அல்லாஹ் உங்களுக்கு அளித்த உணவு என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், அதில் தமக்கும் கேட்டு வாங்கி உண்டார்கள் என ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். அண்ணலார் கேட்டு உண்ட உணவின் இனத்தை நாம் விருந்தாளியிடமிருந்து ஒளிக்கலாமா?

இனி, தாய்மார்களும் ராத்தாமார்களும் இதை வீட்டில் சமைக்கும் முறையைப் பார்ப்போம்.

நான்கைந்து பேருக்குக் கால் கிலோ கட்டாக் கருவாடு அல்லது பாரைக் கருவாடு போதும். இரவே தண்ணீரில் ஊற வைத்து, மூன்று நான்கு முறை தண்ணீரை மாற்றுங்கள். காலையில் தோலும் முள்ளும் நீக்கிப் பிய்த்துக் கொள்ளுங்கள். மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, சிறிது பூண்டுடன் எண்ணெயில் சிவக்காமல் வதக்குங்கள். கழுவிய நெத்தலிக் கருவாடு நான்கைந்தை அதில் நசுக்கிச் சேருங்கள். அதன்மேல் கருவாட்டைப் பரப்பி, ஒரு கரண்டி கோதுமை மா தூவி, மிளகுத் தூளிட்டு, இரண்டு கோப்பை பால் ஊற்றுங்கள். மிக மெல்லிய தணலில் ஒரு மணி நேரம் வேகட்டும். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியை மட்டும் அசைத்து விடுங்கள். உப்புச் சேர்க்க வேண்டாம்.

களிக்கு, நான்கு கோப்பை நீர் கொதிக்கும்போது ஒரு கோப்பை சோளன் குறுணல் மாவைச் சிறிது சிறிதாகத் தூவி, கட்டி விழாமல் துழாவ வேண்டும். முக்கால் மணி நேரம் கை ஓயக்கூடாது. சட்டியை விட்டு விலகி வந்ததும் பலகையில் கொட்டி, ஆறியதும் நூலால் அறுத்துப் பரிமாறுவார்கள். நமது சிங்கள அயலவர் குரக்கன் மாவில் செய்யும் ‘தலப்ப’வை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இரண்டு விஷயங்களில் மார்க்க வரம்பைப் பேண வேண்டும். இத்தாலியர் இதில் சேர்க்கும் கட்டிச் சீஸ் கன்றின் வயிற்றுச் சாரம் கொண்டு உறைய வைக்கப்படுவது. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாம் ஹலால் முத்திரையுள்ளதையே வாங்குவோம், இன்றேல் விட்டுவிடுவோம். சில ஊர்களில் கருவாட்டுக் கறிக்கு மது ஊற்றுவார்கள். அது கொதித்தாலும் நமக்கு ஆகாது.

“மீனும் பாலும் சேர்ந்தால் வெண்குஷ்டம் வருமே!” என்று சில உம்மாமார்கள் அஞ்சுவார்கள். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் அழிவதால் வருவது அது. மீனும் பாலும் அதற்குக் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை. மீனோ பாலோ ஒவ்வாதவர்கள் மட்டும் தவிர்த்துக் கொள்ளட்டும்.

அஞ்ச வேண்டியது உப்புக்குத்தான். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தமுள்ள வாப்பாவுக்கு ஊற வைக்காத கருவாட்டைப் பொரித்துக் கொடுப்பது அன்பாகாது.

இன்னொரு பாடமும் உண்டு. வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் ஒரு காலத்தில் மூன்று வேளையும் வெறும் சோளக் களியையே உண்டார்கள். அதனால் ‘பெல்லக்ரா’ என்ற கொடிய நோய் பரவியது. தோல் வெடித்து, வயிறு கழன்று, புத்தி பேதலித்துப் பலர் மாண்டார்கள். நியாசின் என்ற உயிர்ச்சத்தின் குறைவே காரணம் என்பது 1937இல்தான் தெளிவாயிற்று. களி அவர்களைக் கொல்லவில்லை. களியோடு மீனோ பாலோ பருப்போ இல்லாத வறுமைதான் கொன்றது. 2022இன் நெருக்கடியில் எரிவாயுவுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற நாம் இதை எளிதில் விளங்கிக் கொள்வோம். வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. பிள்ளையின் தட்டில் சோற்றின் பக்கத்தில் ஒரு துண்டுக் கருவாடாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் தட்டில் இருந்தால், பக்கத்து லயத்துப் பிள்ளையின் தட்டிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அயலவர் முஸ்லிமா அல்லவா என்று கேட்டுக் கறி கொடுப்பது நம் மார்க்கமல்ல.

ஆகவே அடுத்த முறை விருந்தாளி வரும்போது கருவாட்டுச் சட்டியை ஒளிக்காதீர்கள். இருப்பதை மனமுவந்து முன்வையுங்கள். கடனில்லாத உணவில்தான் பரகத் இருக்கிறது. வல்ல அல்லாஹ் நம் உணவிலும் உள்ளத்திலும் நிறைவைத் தந்தருள்வானாக! ஆமீன்.